போக ஐந்தேகால், வர ஒன்றேகால்

"போக அஞ்சேகால் மணி நேரம், வர ஒண்ணேகாலா? இது எந்த ஊர் நியாயம்மா?" என்று விமானச் சீட்டைத் தட்டினார் ஜெர்வாசியோ.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்தாள். "போனாலும் வந்தாலும் ரெண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர்தான், மூணேகால் மணி நேரந்தான். பிரசிலியா கடிகாரம் நம்ம ஆக்ரே கடிகாரத்தைவிட ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடுது. தெரியாதா ஐயா?"

தெரியாமல் என்ன? ஆக்ரேயின் ரியோ பிராங்கோ ஊர்ச் சந்தையில் மரவள்ளி மாவு விற்கும் அவர், அந்தக் கணக்கை வைத்துத்தான் மூன்று வருடமாக மகளோடு மல்லுக்கட்டினார். "உன் வீட்டுக்கு அஞ்சேகால், என் வீட்டுக்கு ஒண்ணேகால். யார் வரணும்னு நீயே சொல்லு!"

மகள் ரோசில்டா தலைநகர் பிரசிலியாவுக்கு வேலைக்குப் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. தாயில்லாப் பெண்ணை அப்படித் தவிக்க விட்டோமே என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்று நாலு மணிக்கு அவளுக்குக் கல்யாணம். கைபிடித்துப் பீடம்வரை அழைத்துப்போக அப்பா வேண்டும்.

பிறந்ததிலிருந்து ஆக்ரே நேரத்தைத் தவிர வேறெதையும் காட்டாத தன் கைக்கடிகாரத்தை, மகளுக்காக, இன்று காலை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தார். வந்தது வினை. தள்ளியதை மறந்து, நேரமாகிவிட்டதென்று பதறி ஓடிவந்ததில் ஏழு மணிக்கே கவுண்டரில் நிற்கிறார். விமானமோ பத்துக்கு.

உட்கார்ந்தவர் அசந்துவிட்டார். பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்ட பிறகு எழுந்து ஓடியதில், மகளுக்குக் கொண்டுவந்த மாவு மூட்டை நாற்காலியடியிலேயே தங்கிவிட்டது.

பிரசிலியாவில் டாக்சிக்காரர் கேட்டார். "இந்த ஊரையே விமான வடிவத்துல கட்டியிருக்கு, ரெண்டு இறக்கையிலயும் மாதா கோயில் உண்டு. வடக்கு இறக்கையா, தெற்கு இறக்கையா பெரியவரே?"

"விமானத்த விட்டு எறங்கியும் இறக்கையா? ஏதோ ஒண்ணு, ஓட்டுப்பா!"

வடக்கே போய்ப் பார்த்து, தெற்கே திரும்பி வந்தபோது நாலு நாற்பது. வாசலில் கோயில்காரர் பூவிதழ்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம்...?"

"முடிஞ்சு போச்சுங்க. இப்பத்தான் கார்ல ஏறிப் போறாங்க."

"பொண்ணு தனியாவா நடந்து வந்தா?"

"இல்லீங்க, யாரோ பெரியவர் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு."

அந்த யாரோ நானாக இருந்திருக்க வேண்டும் என்று அழுதார் ஜெர்வாசியோ. காலையில் அணைத்த போனைத் திறக்கவும் கூசியது. எந்த முகத்தோடு பேசுவது? நேரே விமான நிலையம் போய், நாளைய சீட்டை இன்றைக்கு மாற்றிக்கொண்டார்.

ஐந்து ஐம்பதுக்கு விமானம் நகர்ந்தது. தபாலில் வந்த நாளில் 'மணி நாலு' என்பதை மட்டும் பார்த்துவிட்டு மாவுப் பெட்டியில் வீசி, இன்று காலை தேடியெடுத்த கல்யாணப் பத்திரிகையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக் கண்ணைத் துடைத்தார்.

"யாருக்கு அண்ணே கல்யாணம்?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்மணி.

"என் மகளுக்கு. முடிஞ்சிருச்சு. நான் பாவி, பிந்திட்டேன்."

சக்கரங்கள் தரையை விட்டன. அவள் பத்திரிகையை வாங்கித் திருப்பினாள்.

"பின்னாடி பேனாவால எழுதியிருக்கே அண்ணே: 'அப்பா, நீங்க கடிகாரத்தத் தள்ள மாட்டீங்கன்னு தெரியும். அதான் உங்க பத்திரிகையில மட்டும் ஆக்ரே நேரம் போட்டிருக்கேன்.' அப்ப இங்க ஆறு மணிக்குல்ல கல்யாணம்? இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே!"