மழை வராததற்குக் காரணம் வெள்ளத்தாய்

ஒரு காட்டில் மழை தவறியது. யாருடைய தவறு என்று கண்டுபிடிக்க உடனே ஒரு குழு அமைத்தார்கள்.

தலைவர் கொம்பன் யானை. செயலாளர் நரியார். மழை இலாகா, ஆண் மயிலான சௌந்தரபாண்டியனிடம் இருந்தது. மயில் ஆடினால் மழை வரும் என்பதுதான் அந்தக் காட்டின் விஞ்ஞானம். கொம்போ தோகையோ இல்லாதவர்களுக்குக் குழுவில் இடம் கிடையாது. நரியாருக்கு இரண்டுமே இல்லையே என்று கேட்ட பெண் முயலைக் காட்டின் விரோதி என்று அறிவித்தார்கள்.

மலையில் ஓர் ஊற்று இருந்தது. கொம்பன் அதற்குக் குறுக்கே மண்கரை போட்டு, தான் குளிப்பதற்குக் குளமாக்கிக்கொண்டார். கீழே ஓடை காய்ந்தது. குழு இதை விசாரிக்கவில்லை. தலைவர் குளிப்பது அவர் உரிமை. ஓடை காய்வது காலநிலை மாற்றம்.

காய்ந்த ஓடையில் வெள்ளத்தாய் என்ற பெண் மயில் தன் குஞ்சுகளோடு இருந்தாள். அவற்றுக்குத் தகப்பன் சௌந்தரபாண்டியன் என்று காடே சொன்னது. அவர் மறுத்ததுமில்லை, வந்து பார்த்ததுமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் பாறையிடுக்கில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. பெண் மயில்கள் எல்லாம் அங்கே ஓடி, நெஞ்சு இறகை நனைத்துக்கொண்டு திரும்பி வரும். பாதி ஈரத்தை வழியிலேயே வெயில் குடித்துவிடும். மிச்சத்தைக் குஞ்சுகள் சப்பும். ஒருநாள் வெள்ளத்தாய் திரும்பி வந்தபோது கடைசிக் குஞ்சு சப்புவதற்கு எழுந்திருக்கவில்லை.

அன்றுதான் சௌந்தரபாண்டியன் மழைக்காக ஆடினார். மழை வரவில்லை. குழு கூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. மயில் ஆடும்போது பெண் மயில்கள் எதிரே நின்று பார்ப்பது வழக்கம். அன்று ஒருத்திகூட இல்லை. பெண்டுகளே மதிக்காத ஆட்டத்தை மேகம் எப்படி மதிக்கும்?

அவருடைய குஞ்சுகளின் தாயே வரவில்லையே என்று வெள்ளத்தாயைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டேன், மற்றவையாவது பிழைக்கட்டும், கரையைத் திறந்துவிடுங்கள் என்று அவள் கேட்டாள். கொம்பன் காதை ஆட்டினார். தலைவரின் குளம் இன்றைய விவாதப் பொருளில் இல்லை என்றார் நரியார்.

"ஆட்டம் பாத்துக்கிட்டு நின்னா புள்ளைகளுக்குத் தண்ணி யாரு கொண்டாருவா, அண்ணாச்சி?"

"அதத்தான் தாயி நாங்களும் சொல்லுதோம். நீ ஒழுங்கா நின்னு பாரு, தண்ணி தானா வரும்" என்றார் நரியார்.

அவள் சௌந்தரபாண்டியன் பக்கம் திரும்பினாள். அவ்வளவு பெரிய தோகையை ஒரு தடவை நனைத்து வந்தால் அத்தனை குஞ்சுகளும் வயிறாரக் குடிக்குமே என்றாள்.

"நனைஞ்ச தோகை விரியாதுடி. அப்புறம் காட்டுக்கு மழைய யாரு கொண்டாருவா?"

அடுத்த ஆட்டத்துக்கு எல்லாப் பெண் மயில்களும் வர வேண்டும், வராதவள் காட்டை விட்டுப் போக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அப்படியானால் ஆட்டத்தைத் தலைவரின் குளத்தருகே வைத்தால் நன்றாக இருக்கும் என்றாள் வெள்ளத்தாய். தண்ணீரில் நிழல் விழுந்து, ஒரு தோகை இரண்டாகத் தெரியும். அவள் சொல்லி முடிப்பதற்குள் சௌந்தரபாண்டியன் சம்மதித்துவிட்டார். குளியலை விட்டு எழுந்திருக்க வேண்டியதில்லை என்பதால் கொம்பனும் சம்மதித்தார்.

ஆட்டத்தன்று பெண் மயில்கள் கரைமேல் வரிசையாக நின்றன. குஞ்சுகள் கீழே ஓடையோரத்து மேட்டில் காத்திருந்தன. மயிலுக்குக் கால் சும்மா இருக்காது. நின்ற இடத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும். அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. சௌந்தரபாண்டியன் ஒவ்வொருத்தியின் கண்ணும் தன்மேல் இருக்கிறதா என்றுதான் பார்த்தார். இருந்தது. கால்களை அவர் பார்க்கவில்லை. அவர் முதுகைக் காட்டிச் சுழலும்போதெல்லாம் கிளறல் வேகமாயிற்று. களைத்துப்போய் நிறுத்தப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் ஆடுங்க" என்றாள் வெள்ளத்தாய்.

அவர் ஆடினார். கரை உடைந்தது. தண்ணீர் ஓடைக்கு இறங்கியது. குஞ்சுகள் இறகைச் சப்பாமல், முதல்முறையாகத் தலை குனிந்து குடித்தன. கொம்பன் வெறும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

குழு மறுபடி கூடியது. வானத்தில் மேகம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மயில் ஆடியது, தண்ணீர் வந்தது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? சௌந்தரபாண்டியனுக்குக் காலநிலைக் காவலர் என்ற பட்டம் கொடுத்து, 'வறட்சியும் பெண்களின் துயரமும்' என்ற தலைப்பில் பேசப் பக்கத்துக் காட்டு மாநாட்டுக்கு அவரையே அனுப்பினார்கள். செத்துப்போன குஞ்சைப் பற்றி அவர் அங்கே உருக்கமாகப் பேசினார் என்று கேள்வி. அது ஆணா பெண்ணா என்று ஒருவர் கேட்டதற்கு மட்டும் பதில் தெரியவில்லையாம்.

கொம்பன் கரையை மறுபடி கட்டிக்கொண்டார். இனி ஒவ்வொரு ஆட்டத்தையும் பெண் மயில்கள் கட்டாயம் குளக்கரையில் நின்றே பார்க்க வேண்டும் என்று புதுச் சட்டமும் வந்தது. வெள்ளத்தாய் அதை எதிர்க்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் வந்து, கரை எங்கே இளகியிருக்கிறதோ அங்கே நின்றுகொள்கிறாள்.

நீதி: பாராட்டு முழுவதையும் ஆண்களுக்கே விட்டுக்கொடு, கரை இளகியிருக்கும் இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.