ரிவர்ஸ் அண்ணாச்சி ஒப்புக்கொண்ட குற்றம்

தூத்துக்குடியில் வண்டியை முன்பக்கமாக ஓட்டத் தெரிந்தவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். பின்பக்கமாக ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும், நான் வேலை பார்த்த கிளியரிங் ஆபீசில் டிரெய்லர் ஓட்டிய அவரை எல்லோரும் ரிவர்ஸ் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். நாற்பதடி கன்டெய்னரை ஒரே மூச்சில் குடோனுக்குள் சொருகிவிட்டு பீடியைப் பற்றவைப்பார். கல்யாணப் பந்தியில்கூட பின்னால் நகர்ந்தேதான் கை கழுவப் போவார் என்று ஒரு வதந்தி. நான் நம்பினேன்.

ஒரு ஞாயிறு மதியம், மச்சினன் வீட்டுப் பிள்ளை சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் ரெண்டு ரவுண்டு போட்டுவிட்டு லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு திரும்பியவர், சந்து முனையில் போலீஸ் ஊதச் சொல்லி நிற்பதைப் பார்த்தார். வேறு யாராவது என்றால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அண்ணாச்சி ரிவர்ஸ் போட்டார். சந்து முழுக்கப் பின்னாலேயே போய், மறுமுனையில் நின்ற இன்னொரு போலீஸ் ஜீப்புக்கு ஒரு சாண் இடைவெளியில் கச்சிதமாக நிறுத்தினார்.

கேஸ் தாளில் ‘குடித்துவிட்டுத் தாறுமாறாக ஓட்டினார்’ என்று எழுதிவிட்டார்கள்.

“ஒத்துக்கிடுதேன்னு ஒத்தை வார்த்தை சொல்லும். அபராதத்தோட போயிரும். வழக்காடினா லைசென்ஸ் கோர்ட்லயே கெடக்கும்” என்றார் வக்கீல்.

“குடிச்சதை ஒத்துக்கிடுதேன் சார். தாறுமாறை எப்படி ஒத்துக்கிட முடியும்? நாளைக்கு எவன் என்னை நம்பி கன்டெய்னர் பெட்டி குடுப்பான்?”

ஒரு வாரம் ஆபீசில் வேலையே ஓடவில்லை. மேனேஜர் பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளச் சொன்னார். டீக்கடைக்காரர் கூண்டில் மயங்கி விழச் சொன்னார். லைசென்ஸ் பெரிசா, மானம் பெரிசா என்று நான் கேட்டேன்.

“ஏலே, எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ல.”

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்டார். வக்கீல் அர்த்தத்தோடு இருமினார்.

“குடிச்சேம்மா. ஓட்டுனேன். ஆனா தாறுமாறா ஓட்டலை. சந்துல என்ன இருந்துச்சுன்னு இப்பவும் சொல்லுதேன். எடது பக்கம் ரெண்டு ஆடு, ஒரு தண்ணி டிரம். வலது பக்கம் வலை காயப் போட்டிருந்துச்சு. ஒண்ணையும் தொடலை.”

அம்மா, அன்று சந்தில் நின்று கேஸ் எழுதிய ஏட்டையாவைப் பார்த்தார். “சரியாத்தான் சொல்லுதாரு” என்றார் அவர். எங்களுக்குக் கை தட்டலாம் போலிருந்தது.

ஏட்டையா முடிக்கவில்லை. “ஆனா மூணு சக்கர சைக்கிள்ல ஒரு சின்னப் பிள்ளை வந்துச்சு. அதைச் சொல்லாம விட்டுட்டாரு. பெத்தவ பாஞ்சு இழுத்ததால தப்பிச்சிது.”

அண்ணாச்சி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். “எந்தப் பக்கம்?”

“வண்டிக்கு நேர் பின்னால, அண்ணாச்சி.”

அண்ணாச்சி மாஜிஸ்திரேட் அம்மா பக்கம் திரும்பினார். பிறகு, “அப்படின்னா தாறுமாறுதாம்மா. எழுதினது சரிதான்” என்றார்.

அபராதத்தோடு ஆறு மாதம் லைசென்சும் போனது. அந்த ஆறு மாதமும் ஆபீசில் கன்டெய்னர் கதவுக்குப் போடும் சீல் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார். விருந்து வீடுகளுக்கு பஸ்ஸில் போனார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று, குடோன் வாசலில் டிரெய்லரை நிறுத்திவிட்டு இறங்கி, பின்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். ஓரடி நகர்த்தினார். மறுபடி இறங்கினார். மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை அவர் இறங்குவதற்குள் நான் ஓடிப்போய் டிரெய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். “நான் நிக்கேன், வாங்க அண்ணாச்சி.”

நாற்பதடி வண்டி என்னைப் பார்த்து வந்தது. எனக்குப் பயமே வரவில்லை.