இல்லாத ரயிலுக்குச் சிவப்பு விளக்கு

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது ஓடாமல் நின்றாலும் கண்ணெதிரே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோம். நேரே அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்குவோம். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்த சமயத்தில்தான் கல்யாணம் ஆயிற்று.

மற்ற பெண்கள் புகுந்த வீட்டுக்கு வெள்ளிக் குத்துவிளக்கு கொண்டுபோவார்கள். நான் அதோடு இரண்டு மாடல் ரயிலும் ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தண்டவாளமும் கொண்டுபோனேன். (பொம்மை ரயில் என்றால் எனக்குக் கோபம் வரும். என் கணவர் ரகு அப்படித்தான் சொல்வார்.) மயிலாப்பூரில் அந்த வீட்டு நவராத்திரிக் கொலு கொஞ்சம் பிரசித்தம். படிகளில் என் மாமியார் யாரையும் கை வைக்க விட மாட்டார். கீழே தரையில் போடும் பார்க் மட்டும் நாத்தனார் சுதா அக்காவின் பொறுப்பு. வருஷா வருஷம் அடையாறிலிருந்து வந்து போட்டுவிட்டுப் போவார்.

எங்கள் முதல் நவராத்திரிக்கு மாமியார் திடீரென்று, "இந்தத் தடவை பார்க்கை நித்யா போடட்டும்" என்றார்.

"பேஷா போடட்டுமே. சரியா வரலேன்னா நான் இருக்கேன்" என்றார் சுதா அக்கா.

அந்த 'நான் இருக்கேன்' என்னைத் தூங்க விடவில்லை. அந்த வீட்டில் இது என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ள முதலில் கிடைத்தது அந்தத் துண்டுத் தரைதான். அதை மறுபடி அடையாறுக்குத் தாரை வார்ப்பதாக இல்லை.

அடியில் ஆள் நுழையும் உயரத்துக்கு நாலு ஸ்டூல் மேல் ஒரு பெரிய பலகை. அதைச் சுற்றித் தண்டவாளம். நடுவில் மண்ணைப் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தூவினேன். இரண்டு மூன்று நாளில் முளைத்துப் பச்சைப்பசேலென்று வயலாகிவிடும். வயலோரம் மளிகைக் கடையுடன் செட்டியார் பொம்மை. ஒரே பாதையில் இரண்டு ரயிலும் ஓடவேண்டும், ஆனால் ஒன்றையொன்று முட்டக் கூடாது. அதற்காகத் தண்டவாளத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் போர்டு மாட்டியிருந்தேன். ரயில் ஒரு துண்டில் ஏறினால் அதன் மோட்டார் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். போர்டு அதைக் கண்டுகொண்டு 'இங்கே ரயில் இருக்கிறது' என்று சிவப்பு விளக்கைப் போடும். பின்னால் வரும் ரயில் சமர்த்தாக நின்றுவிடும். முதல் நாள் எல்லாம் அப்படியே நடந்தது. என் கால் தரையில் பாவவில்லை.

முளை விட்டதும் வந்தது வினை. வயலோரத் துண்டில் ரயிலே இல்லை. ஆனால் சிவப்பு விளக்கு. இல்லாத ரயில் எப்போது போகும் என்று இரண்டு ரயிலும் மாலை வரை காத்திருந்தன.

போர்டை மாற்றினேன். சிவப்பு. ஒயரை மாற்றினேன். சிவப்பு. சாலிடரிங் அயர்னும் கையுமாகப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். வெற்றிலை பாக்கு வாங்க வந்த மாமி ஒருவர் என் கால்களை மட்டும் பார்த்துவிட்டு, "ஃபேன் ரிப்பேரா?" என்று விசாரித்தார். ஆள் மாற்றி ஆள் மேல் சந்தேகம். ரகு மிதித்திருப்பார். வேலைக்கு வரும் அம்மா பெருக்கும்போது இழுத்திருப்பார். கடைசியில் மாமியாரிடமே கேட்டுவிட்டேன்.

"அம்மா, நீங்க எதையாவது நகர்த்தினேளா?"

"நான் அந்தப் பக்கமே போகலையே. கார்த்தால எழுந்தா நீதான் அங்க குனிஞ்சுண்டு நிக்கறே" என்றார்.

குனிந்துகொண்டு நின்றது உண்மைதான். என் பயிருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாமா? எனக்கிருந்த பாசத்தில் தெளிக்கவில்லை, பாசனமே செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சுதா அக்கா தன் சிநேகிதிகளோடு வந்துவிட்டார். கூடம் நிறையப் பட்டுப்புடவை. விளக்கு இன்னும் சிவப்பு. சுதா அக்கா பார்க்கைப் பார்த்து, "ரயில் ஓடாதா? பரவால்ல, நிக்கற ரயிலும் அழகாத்தான் இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பலகைக்கு அடியில் கையை விட்டு அந்தத் துண்டின் சென்சார் ஒயரை உருவிவிட்டேன். சிவப்பு அணைந்தது. இரண்டு ரயிலும் கிளம்பின. எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார் பெருமையாக என்னைப் பார்த்தார். கொலுவுக்கு வந்தால் பாடாமல் போக முடியாதல்லவா? ஒரு மாமி கல்யாணியில் ஆரம்பித்தார்.

அவர் சரணத்துக்கு வந்தபோது முதல் ரயில் வயலோரச் சேற்றில் சக்கரம் வழுக்கி நின்றது. பின்னால் வந்த ரயிலுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளின் ஒயர் என் கையில் இருந்தது. முழு வேகத்தில் வந்து மோதியது. எஞ்சின் துள்ளி வயலுக்குள் உழுதுகொண்டே போய்க் கடையை இடிக்க, செட்டியார் குங்குமத் தட்டில் குப்புற விழுந்தார். ஒரு பெட்டி சுண்டல் பாத்திரத்தில். (பாடிய மாமி தாளம் தப்பவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.)

ஓடிப்போய் ரயிலைத் தூக்கினேன். கையெல்லாம் சேறு. தண்டவாளம் இரண்டும் ஈரமண்ணில் புதைந்து கிடந்தன. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. அந்த ஈரத்தின் வழியாக ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கசிந்திருக்கிறது. போர்டு அதைத்தான் ரயில் என்று எண்ணியிருக்கிறது. போர்டில் பழுதில்லை. ஒயரிலும் இல்லை. பழுது தினமும் காலையில் பூவாளியோடு வந்திருக்கிறது.

"என்னாச்சும்மா?" என்றார் மாமியார்.

"ஈரம், அம்மா. ஈரத்தை ரயில்னு நெனச்சுடுத்து."

"யார் அத்தனை தண்ணி விட்டா?"

"நான்தான்."

மாமியார் செட்டியாரை எடுத்தார். முகம், மீசை, தொந்தி எல்லாம் ஒரே சிவப்பு. அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். கல்யாணமானதிலிருந்து அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"அப்போ அடுத்த வருஷம் நானே..." என்று இழுத்தார் சுதா அக்கா.

"அடுத்த வருஷமும் அவதான். தண்ணியை மட்டும் நான் விட்டுக்கறேன்" என்றார் மாமியார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் உறுதி செய்துகொள்ள ஒரே கேள்விதான். பாத்ரூம் கதவு சாத்தியிருந்தால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. "ரயிலா, ஈரமா?" என்று தட்டுவார்கள். ரகு சம்பள உயர்வு வரும் போலிருக்கிறது என்றாலும் இதே கேள்வி. (அது பெரும்பாலும் ஈரம்தான்.)

இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, மருந்துக் கடையில் வாங்கிய டெஸ்ட் கிட்டை வைத்துக்கொண்டு பாத்ரூமில் நின்றிருந்தேன். இரண்டாவது கோடு விழுகிறதா இல்லையா என்று உற்று உற்றுப் பார்த்ததில் கண்ணே வலித்தது. இதற்கு முன்பு ஒரு தடவை ஏமாந்திருந்ததால் கிட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். வெளியே மாமியாரின் காலடிச் சத்தம். கதவை மெதுவாகத் தட்டினார்.

"என்னடிம்மா, ரயிலா, ஈரமா?"

"ரயில், அம்மா" என்றேன்.

ரயில் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறது.