மூக்கால் எடுத்த அழைப்பு

இந்தக் கதையைக் கேட்பவர் முதலில் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கசாக்கியரிடையே, உடன்பிறந்தாளின் பிள்ளை வந்து ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டுவிட்டால், தாய்மாமன் மறுக்கக் கூடாது. மூன்று முறை கேட்கலாம். மூன்று முறையும் கொடுத்தாக வேண்டும். மாமன் முகத்தைச் சுளிக்கலாம், பெருமூச்சு விடலாம். இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது.

அடுத்தது, தெரிஸ்புலாக் கிராமத்து எசிர்கெப்புக்கு மருத்துவர் கஸியை விலக்கியிருந்தார். குதிரையின் விலா இறைச்சியைக் கொழுப்போடு குடலில் அடைத்து, உலர்த்தி, பொறுமையாக வேகவைப்பது கஸி. அதை விலக்குவதும் மூச்சை விலக்குவதும் எசிர்கெப்புக்கு ஒன்றுதான். மருத்துவர் சொன்னதை அவர் மறந்துவிடக்கூடும் என்பதால், அவருடைய மனைவி ஜெய்னெகுல் அதை நினைவில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று உண்டு. எசிர்கெப்பின் பெட்டைக் குதிரைகள் குளிர்காலத்தைக் கழிக்கும் கொட்டில், குன்றுக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் இருந்தது. பக்கத்திலேயே அவருடைய நண்பர் மார்தானின் வீடு. மார்தான் வீட்டு அடுப்பில் நண்பகல்தோறும் கஸி வெந்தது. எசிர்கெப்பின் பழைய பொத்தான் கைபேசிக்கு நண்பகல்தோறும் சிக்னல் கிடைக்காமல் போனது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அதுவரை யாரும் நிறுவியதில்லை.

இத்தனை செம்மையாக அமைந்த வாழ்க்கையில் ஒரு மனிதர் கைவைக்கக் கூடாது. எசிர்கெப் வைத்தார்.

ஒரு கல்யாண விருந்தில், எல்லாரும் தத்தம் கைபேசியை மேசைமேல் வைத்திருந்தார்கள். பெண்வீட்டார் ஒருவர் எசிர்கெப்பினுடையதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இதுல ஆணி அடிக்க வருமா?" என்று கேட்டார். மேசையே சிரித்தது. வீடு வந்து சேர்ந்ததும் எசிர்கெப் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்.

"நாளைக்கே டவுனுக்குப் போறேன். தொடுதிரை போன் வாங்கப் போறேன்."

"பழசு நல்லாத்தானே இருக்கு, பெரியவரே."

"அதுல என்ன இருக்கு? பேசலாம். அவ்வளவுதான்."

"வேற என்ன செய்யணும்? பால் கறக்கணுமா?"

"கிழவி, உலகம் எங்கேயோ போயிடுச்சு."

"போகட்டுமே. நீங்க குதிரைகிட்டப் போனாப் போதும்."

பெண்களுக்குப் புதுமை பிடிக்காது என்று எசிர்கெப் முடிவுகட்டினார். அவளுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

புதுக் கைபேசி வந்தது. புதுப்பொருள் வந்தால் விருந்து வைப்பது வழக்கம் என்பதால் ஓர் ஆடு போனது. விருந்தில், "பாதாளத்துல இருந்தாலும் சிக்னல் பிடிக்கும்னு கடைக்காரன் சொன்னான்" என்றார். சற்று நேரம் கழித்துக் கடைக்காரனை விட்டுவிட்டு, "பாதாளத்துல இருந்தாலும் பிடிக்கும்" என்று தாமே உத்தரவாதம் அளித்தார். ஊர் கேட்டுக்கொண்டது. ஜெய்னெகுலும் கேட்டுக்கொண்டாள்.

தொடக்கத்தில் பெருமை தாங்கவில்லை. மணிக்கொருமுறை வீடியோவில் முகம் காட்டி வீட்டுக்கு அழைத்தார்.

"கிழவி, பார். இது குதிரை."

"தெரியும்."

"இது அதோட பின்பக்கம்."

"அதுவும் தெரியும்."

"இது பனி."

"பாத்திருக்கேன். பிறந்ததுலேருந்து பாக்குறேன்."

பெருமை அடங்கியபின் குளிர் ஏறியது. அப்போதுதான் புதுக் கைபேசியின் குணம் தெரிந்தது. கையுறை போட்ட விரலை அது மனித விரலாகவே மதிக்கவில்லை. கையுறையைக் கழற்றினாலோ விரல் விறைத்துப்போனது. பழைய கைபேசியில் கம்பளிச் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தடவியே எண்ணை அழுத்தியவர், இப்போது கைபேசியை மார்போடு அணைத்து, அக்குளில் செருகி, பச்சைக் குழந்தைபோலச் சூடு காட்ட வேண்டியிருந்தது. அப்படிக் காட்டியும், பழையதில் வாரம் முழுக்க நின்ற சார்ஜ் இதில் மத்தியானம்வரை நின்றால் அதிகம்.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஜெய்னெகுல் நண்பகலில் அழைக்கத் தொடங்கினாள்.

அன்று மார்தான் வீட்டில், தட்டில் கஸி ஆவி பறக்க இருந்தது. எசிர்கெப் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னப்பா, இந்த வருஷம் கொழுப்பையே காணோம்?"

"இந்த வருஷம் குதிரைங்க இளைச்சுப்போச்சு. சாப்பிடு."

"ஆனாலும் உன் வீட்டம்மா கைப்பக்குவமே தனி. என் வீட்டுல இது வராது."

மார்தானுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அதே நேரத்தில் கைபேசியும் ஒலித்தது.

"எடுக்காதே. சிக்னல் இல்லைன்னு சொல்லிக்கோ" என்றார் மார்தான்.

"எப்படிச் சொல்றது? பாதாளத்துலயும் பிடிக்கும்னு ஆடு வெட்டி ஊருக்கே சொல்லியிருக்கேனே."

நெய்யில் பொரித்த ரொட்டியைத் தொட்ட விரல் திரையில் வழுக்கியது. முழங்காலில் துடைத்தார், முழங்காலிலும் நெய் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடம்பில் நெய் படாத இடம் ஒன்றுதான் மிச்சம். எசிர்கெப் குனிந்து மூக்கு நுனியால் அழுத்தினார். இத்தனை நாள் விரலுக்கு அடங்காத திரை, மூக்குக்குப் பணிந்தது.

"இது என்ன, குகையா?" என்றாள் ஜெய்னெகுல்.

"மூக்கு."

"யாரோடது?"

"என்னோடதுதான். இரு, தள்ளிப் பிடிக்கிறேன்."

"பின்னால என்ன ஆவி பறக்குது?"

"குதிரை மூச்சு விடுது."

"குதிரைக்கு முன்னால தட்டு எதுக்கு?"

அந்தக் கணத்தில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டது. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கைபேசி அவருக்குச் செய்த ஒரே உதவி அது.

இப்படியே போனால் கஸியும் போய்விடும், மார்தானோடு கழியும் அந்த ஒருமணி நேரமும் போய்விடும் என்பது எசிர்கெப்புக்குத் தெளிவாகிவிட்டது. தாமாகப் பழைய கைபேசிக்குத் திரும்பினால் ஊர் சிரிக்கும். தொலைத்தால் ஜெய்னெகுல் தேடி எடுத்துவிடுவாள். உடைத்தால் ஒட்டவைத்துவிடுவாள். மானம் கெடாமல் கைபேசி வீட்டைவிட்டு வெளியேற ஒரே வழிதான் உண்டு. மறுநாள் வியாழக்கிழமை, எசிர்கெப் டவுனுக்குப் போய் அக்காள் மகள் உல்துகானைப் பார்த்தார்.

உல்துகான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்தில் இருப்பவர் பதறி வண்டியை மரத்தை நோக்கித் திருப்பும்போதும் குரலை உயர்த்தாதவள்.

"நாளைக்கு வீட்டுக்கு வா. என் போனைக் கேளு."

"மாமா, அது எனக்கு வேண்டாமே. என்கிட்ட இருக்கு."

"வேண்டாம்னாலும் கேளு. உன் உரிமை."

"உரிமை மூணே மூணு. அதுல ஒண்ணை உங்களுக்காகச் செலவு பண்ணச் சொல்றீங்க. எனக்கு என்ன?"

"போன்தான் கிடைக்குதே."

"அது உங்க ஆசைக்கு. என் ஆசைக்கு அந்த வெள்ளைக்கால் குட்டி."

வெள்ளைக்கால் குட்டி வசந்தத்தில் பிறந்தது, கொட்டிலிலேயே அழகானது. எசிர்கெப் கண்ணை மூடிக் குட்டியை நினைத்தார். பிறகு கஸியை நினைத்தார்.

"ஓட்டிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஜெய்னெகுல் எண்ணெயில் ரொட்டி பொரித்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்திருந்தாள். அண்டை வீட்டார் சிலர் தேநீருக்கு உட்கார்ந்திருந்தனர். உல்துகான் சொன்னபடியே, சாட்சிகள் இருக்கும்போது கேட்டாள்.

"மாமா, உங்க புதுப் போன் என் மனசுக்குப் பிடிச்சிருக்கு."

எசிர்கெப் நெஞ்சில் கைவைத்தார். கூரையைப் பார்த்தார். கொட்டிலில் இருந்த குட்டியை நினைத்ததால் பெருமூச்சு உண்மையாகவே வந்தது. "இது எனக்குக் கண்ணு மாதிரி" என்று தொடங்கி, இன்னும் கொஞ்சம் துன்பப்படலாம் என்றிருந்தார்.

"கேட்டது அக்கா பொண்ணு. பேசாமக் கொடுங்க" என்றாள் ஜெய்னெகுல்.

கொடுத்தார். தோளிலிருந்து ஒரு குன்று இறங்கியதுபோல இருந்தது. அண்டை வீட்டார் போனபின் மனைவியிடம் மிக இயல்பாகக் கேட்டார்.

"கிழவி, என் பழைய போன் எங்கேயாவது கிடக்குதா?"

ஜெய்னெகுல் தன் மேலங்கிப் பையிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். துடைத்து, முழு சார்ஜோடு இருந்தது.

"இது எப்போலேருந்து உன் பையில இருக்கு?"

"போன வாரத்துலேருந்து. புதுப் போனைக் கேட்டு வாங்கிக்கன்னு இவகிட்ட நான் சொன்ன அன்னைக்கே சார்ஜ் ஏத்தி வெச்சுட்டேன்."

எசிர்கெப் உல்துகானைப் பார்த்தார். அவள் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"நீயா சொன்னே?" என்று மனைவியிடம் திரும்பினார்.

"பின்னே? மணிக்கொரு தடவை குதிரையையும் பனியையும் காட்டினா, இங்க பொம்பளைங்க எப்போ உக்காந்து சீட்டாடுறது? ஒருநாள் எனக்கு நல்ல சீட்டா விழுந்திருந்துச்சு. நீங்க குதிரையோட பின்பக்கத்தைக் காட்டுறீங்க. அதுக்கப்புறம்தான் மத்தியானத்துல நானே கூப்பிட ஆரம்பிச்சேன். உங்களுக்கு அலுத்துப்போகட்டும்னு."

எசிர்கெப் பழைய கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவருக்குத் தேவையான ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அப்போ, இனி மத்தியானத்துல கூப்பிட மாட்டியே?"

"எப்படிக் கூப்பிடுறது?" என்றாள் ஜெய்னெகுல், அவரை நேராகப் பார்த்து. "அங்கதான் சிக்னல் இருக்காதே."

பின்னர் உறுதிப்பட்ட செய்திகள் இவை. குன்றுக்கு அப்பால் பழைய கைபேசிக்கு இன்றுவரை சிக்னல் கிடைக்கவில்லை. ஜெய்னெகுல் வீட்டில் சீட்டாட்டம் தடையின்றி நடக்கிறது. வெள்ளைக்கால் குட்டி உல்துகானிடம் போய்ச் சேர்ந்தது. அதே வேலைக்காக அத்தை ஜெய்னெகுலிடமிருந்து ஒரு பூவேலைக் கம்பளமும் போய்ச் சேர்ந்தது. கேட்பதற்கு அவளிடம் இன்னும் இரண்டு உரிமைகள் மிச்சம். வசந்தத்தில் மருத்துவர் எசிர்கெப்பின் இரத்தத்தைச் சோதித்துப் பாராட்டினார். தம் பரம்பரைக்கே இரும்பு உடம்பு என்று எசிர்கெப் விளக்கினார். அதோடு, மார்தான் வீட்டில் அந்தக் குளிர்காலம் முழுவதும் வெந்த கஸி, கொழுப்பை நீக்கி ஜெய்னெகுல் தன் கையால் அடைத்துக் கொடுத்தனுப்பியது.