அரை இஞ்ச் ஐயாவை அனுப்பி வைத்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். நீ போனில் "என்னக்கா, அனுப்பிட்டீங்களா இல்லையா?" என்று கேட்கிறாய். கடையும் வீடும் ஒரே சுவருக்குள் இருக்கும்போது நான் எப்படிப் பேசுவேன்? அதனால் எழுதுகிறேன்.

முதலில், சம்பவம் நடந்தபோது இருந்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் ஆளுக்கொரு கதை வந்துவிடக் கூடாது. தையல் மெஷினில் உன் அத்தான். பட்டன் டப்பாவோடு நான். ஜன்னலோர நாற்காலியில் என் மாமியார், கண்ணை மூடிக்கொண்டு, காதை மூடாமல். பெஞ்சில் அரை இஞ்ச் ஐயா, அவருக்குப் பக்கத்தில் நூல்காரம்மா. வாசலோரம் நின்றபடி நர்ஸம்மா. கடவுளும் இருந்தார், கத்தரிக்கோல் மாட்டும் ஆணிக்கு மேலேதான் அவர் படம்.

உன் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாக நீ சொன்னாயே, தொல்லை தருகிற வாடிக்கையாளரை விட்டுவிட்டால் தொழில் தானாக வளரும் என்று, அதைக் கேட்ட நாளிலிருந்து பெஞ்சில் இருந்த அந்த இருவரையும்தான் மனதில் வைத்திருந்தேன். அரை இஞ்ச் ஐயா ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு போனால் அது திரும்பி வராமல் இருந்ததில்லை. ஒரு நாள் அரை இஞ்ச் கூட, மறுநாள் அரை இஞ்ச் குறைவு, இரண்டும் சரியாக இருந்தால் இடது காலுக்கும் வலது காலுக்கும் மனத்தாங்கல். பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தையலாக விசாரணை நடத்துவார். நூல்காரம்மா வீட்டிலிருந்தே நூல் கொண்டுவந்து, தைத்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்து, மிச்ச நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். உன் அத்தானோ தொந்தரவான ஆள் படியேறினால் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொள்வார். குண்டூசி இருக்கிற வாயால் "முடியாது" என்று எப்படிச் சொல்வது? "ம்" தான் வரும். அந்த "ம்"மை வைத்துக்கொண்டுதான் இவர்கள் ராஜ்யமே நடத்தினார்கள். கடைசியில் ஒரு நாள், "அவங்க போகலேன்னா நான் போறேன். வெளியூர் துணி ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடறாங்க. கடையை மூடிடலாம்" என்று அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னபோது எனக்கு உயிரே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மெஷின் சத்தம் இல்லாமல் நான் ஒரு வேளை சமைத்ததில்லை, தம்பி.

ஆகவே நாள் குறித்தோம். உன் அத்தானுக்குத் தைரியம் வருவதற்காக நான்தான் ஒரு வழி சொன்னேன்: "கண்ணை மூடிக்குங்க, சாமியை நெனைச்சுக்குங்க, பட்டுனு சொல்லிடுங்க." சொன்ன வழி நல்ல வழிதான். ஆனால் கண்ணை மூடுமுன் முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரை இஞ்ச் ஐயா வழக்கம்போல் பேன்ட்டை விரித்து, "இங்க பாருங்க, நடந்தா ஒரு கால் முந்துது" என்று ஆரம்பித்ததும் நான் கனைத்தேன். உன் அத்தான் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி வைத்தார். எழுந்தார். கண்ணை மூடினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்களுக்கு என்னால தைக்க முடியாது. வேற கடை பாத்துக்குங்க" என்று கணீரென்று சொன்னார், வாசலைப் பார்த்து!

வாசலில் நின்றது யார்? ஒரு குறை சொல்லாமல், கேட்ட நாளுக்கு வந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிற நர்ஸம்மா. பாவம், அந்தப் பெண் முகம் சிறுத்து, "சரிங்கண்ணா" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் எப்போதும் நல்லவர்கள்தான், அதுதான் இந்தத் தொழிலின் சாபம். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் அசைந்தார்களா? அரை இஞ்ச் ஐயா பெருமூச்சு விட்டு, "சரியா சொன்னீங்க மாஸ்டர். இந்த மாதிரி ஆளுங்களை வளர விடக்கூடாது" என்கிறார். நூல்காரம்மா, "வாசல்லயே நின்னு வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு! எனக்கு அப்பவே புடிக்கல" என்கிறார். என் மாமியார் கண்ணைத் திறக்காமலே, "தொறந்து பாத்துட்டுச் சொல்லக் கூடாதாடா?" என்றார். உன் அத்தான் கண்ணைத் திறந்து பார்த்தார். உடனே குண்டூசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் தெருமுனை வரை ஓடி நர்ஸம்மாவைப் பிடித்து, கையைப் பற்றிக் கெஞ்சி, விஷயத்தை விளக்கினேன். நல்ல பெண், சிரித்துவிட்டாள். போன மூச்சு வருவதற்குள் கடைக்குத் திரும்பி, அதே வேகத்தில் நானே சொல்லிவிட்டேன்: "ஐயா, அவர் சொன்னது உங்களுக்கு. அம்மா, உங்களுக்கும்தான்." அரை இஞ்ச் ஐயா பேன்ட்டை மெதுவாக மடித்தார். "என்ன காரணம்?" என்றார். "உங்களைத் திருப்திப்படுத்த எங்களால ஆகலைங்க" என்றேன். "நான் திருப்தியில்லேன்னு எப்பம்மா சொன்னேன்? அரை இஞ்ச்னுதானே சொன்னேன்!" என்று கேட்டுவிட்டு, தலை நிமிர்ந்து போய்விட்டார். நூல்காரம்மா அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. "பாபின்ல என் நூல் இருக்கு. அதைச் சுத்திக் குடுங்க, போறேன்" என்றார். உன் அத்தான் கடைசிச் சாண் வரை பிரித்துச் சுற்றிக் கொடுத்தார். அதையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தம்மா போனார்.

இப்போது கடையில் நிம்மதி. வருகிறவர்கள் கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள், போகிறார்கள். பெஞ்சு காலியாக இருப்பதால் அதன் மேல் துணி மடித்து வைக்க முடிகிறது. ஃபேக்டரிப் பேச்சையும் அவர் எடுக்கவில்லை. எல்லாம் உன் புத்திமதியால் வந்தது. நீ தீர்க்காயுசாக, இன்னும் பல குடும்பங்களுக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டுமென்று அக்காவின் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்கு முத்தம். உன் வீட்டுக்காரியை நான் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையில் போடுமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று காலை நர்ஸம்மா சட்டையை வாங்கி, பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு போனாள். உன் அத்தான் அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒருத்தரும் உள்பக்கம் திருப்பிப் பாக்கறதில்ல. எப்படித் தைச்சாலும் சரின்னா நான் எதுக்கு? ஃபேக்டரிக்கே போயிடறேன். அங்க குறை சொல்ல ஒரு மேனேஜராவது இருப்பான்" என்றார். வாயில் குண்டூசிகூட இல்லை தம்பி, தெளிவாகச் சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அரை இஞ்ச் ஐயா வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் கதவைத் திறந்து, என் ரவிக்கைத் தோள்தையலைப் பார்த்தார். எல்லாம் வேறொருவர் சொன்ன யோசனை என்று சொல்லிவிட்டேன். வர இஷ்டம்தானாம். ஆனால், "இந்த யோசனையைச் சொன்னவர் யாரோ, அவர் எழுத்துல மன்னிப்புக் கேக்கட்டும். மூணு வரியாவது இருக்கணும்" என்கிறார். இரண்டு வரியில் நிறுத்திவிடாதே. பேன்ட்டைப் போலவே அதையும் எடுத்துக்கொண்டு திரும்ப வருவார். உன் வகுப்பில் என்ன சொன்னாலும் சரி, என் வீட்டுக்காரர் ஊரோடு இருக்க வேண்டும். பதிலை உடனே எழுதி அனுப்பு.