ஒத்திகைக்கு ஒரு நோயாளி

பன்றிக் காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த வருஷம். தஞ்சாவூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்று அதைத் தக்க மரியாதையுடன் எதிர்கொள்ள ஆயத்தமானது. தனி வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். மாத்திரைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை டீன் மெஹராஜ் பேகம் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லாம் தயார். நோயாளிதான் இல்லை.

காய்ச்சலை எதிர்கொள்ளும் ஒத்திகையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து இணை இயக்குநர் வருவதாகத் தாக்கீது வந்தது. காலிக் கட்டிலைக் காட்டினால் ஆஸ்பத்திரியின் மானம் என்னாவது? கமிட்டி கூடியது. பஜ்ஜி சாப்பிட்டது. ஒரு நோயாளியை நியமிக்கத் தீர்மானித்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளும் பஞ்சநதத்துக்கு அந்தப் பதவி கிடைத்தது. பார்த்தாலே பாவமாக இருப்பார் என்பது கூடுதல் தகுதி.

பஞ்சநதத்துக்கும் சந்தோஷந்தான். இத்தனை வருஷமாக அடுத்தவரைத் தள்ளியவர், முதல் தடவையாகக் கால் நீட்டிப் படுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய மாஸ்க்குகள் டெண்டரில் சிக்கியிருந்தன. நல்லவேளை, சிங்கப்பூர் மாநாட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த டாக்டர் ஆல்பினிடம் ஒன்று இருந்தது. வால்வு வைத்த அசல் வெளிநாட்டுச் சரக்கு. விமானத்தில் வழி நெடுக அதற்குள்தான் இருமிக்கொண்டு வந்தார். ஒத்திகையைப் படம் எடுத்தபோது டீன் அதைப் போட்டு ஒரு போஸ் கொடுத்தார். கழற்றி உறைவிட மருத்துவரான ஆர்.எம்.ஓ.விடம் தந்தார். அப்படியே கமிட்டி முழுக்கச் சுற்றி, கடைசியில் பஞ்சநதத்தின் மூக்குக்கு வந்தது.

"உள்ள ஈரமா இருக்குங்க சார். சென்ட் வாசனையும் அடிக்குது."

"சிங்கப்பூர் சாமான்னா சும்மாவா?" என்றார் ஆல்பின்.

சில நாளில் பஞ்சநதத்துக்கு உடம்பு கொதித்தது. மாணவர்கள் சூழ வந்த ஆல்பினிடம், "சார், நெசமாவே காய்ச்சலுங்க. மூச்சு முட்டுது" என்றார்.

ஆல்பின் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கவனிங்க. குரல்ல நடுக்கம் வந்திருக்கு. நேத்து இது இல்ல. உழைப்பு!"

மாணவர்கள் கை தட்டினார்கள். பஞ்சநதம், வேஷம் கட்டியே செத்துப்போவோமோ என்று பயந்து அழுதார். அதற்கும் கை தட்டினார்கள்.

ரசஞ்சாதம் கொண்டுவந்த மனைவி காத்தாயி நெற்றியைத் தொட்டாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நேராக டீன் அறைக்குப் போனாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரையக் குடுங்கம்மா."

"அது நோயாளிக்கு."

"அவரு வார்டுலதானே படுத்திருக்காரு?"

"படுத்திருக்கலை. டூட்டில இருக்கார்."

"டூட்டில இருந்தா காய்ச்சல் வராதுங்களா?"

"வரும். இது வராது. இது ஏரோப்ளேன்ல வர்ற வியாதி. உங்க வீட்டுக்காரர் வெளிநாடு போயிருக்காரா?"

"கல்லணையத் தாண்டுனதில்லைங்க."

"அப்புறம் எப்படி வரும்?" என்ற டீன் அடுக்கடுக்காய் இருமினார். "ஏசி ஒத்துக்கலை."

காத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. புருஷனைப் பின்வாசல் வழியாக வெளியே கொண்டுபோனாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி பரிதி அனுப்பிய பூப்போட்ட சட்டையை மாட்டி, ஏர்போர்ட் சீட்டு தொங்கும் பையைத் தோளில் போட்டு, முன்வாசல் வழியாகக் கூட்டிவந்தாள்.

"சிங்கப்பூர்லேருந்து இப்பத்தான் எறங்குனாருங்க. நல்ல காய்ச்சல்."

ஆஸ்பத்திரி அதிர்ந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். டீன் கைப்பையைத் திறந்தார். பீரோ திறந்தது. பஞ்சநதம் மாத்திரையை விழுங்கி, காலையில் எழுந்துபோன அதே கட்டிலில் படுத்தார். அவர் முகத்தை அங்கே யாரும் அதுவரை பார்த்திருந்ததாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று டூட்டியைவிட்டு ஓடிப்போனதற்காகப் பஞ்சநதத்துக்கு மெமோ அடிக்க மட்டும் டீன் மறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இணை இயக்குநர் தியாகேசன் வந்து இறங்கினார். டீன் இருமினார். ஆர்.எம்.ஓ. இருமினார். ஆல்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அபாரம்!" என்றார் தியாகேசன். "டாக்டர்களே இறங்கி நடிக்கிறீங்க. இவ்வளவு தத்ரூபமா நான் எங்கயும் பார்க்கலை."

மாநிலத்திலேயே முதல் பரிசு என்று அங்கேயே அறிவித்தார். குரூப் போட்டோவுக்கு நின்றார்கள். தியாகேசன் அந்தச் சிங்கப்பூர் மாஸ்க்கைக் கையில் வாங்கினார்.

மாஸ்க் சுற்றிவந்த கதையைப் புருஷன் சொல்லிக் கேட்டிருந்த காத்தாயிக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, அத மட்டும் மூஞ்சில வைக்காதீங்க! அதப் போட்டவங்க எல்லாருந்தான் இப்புடி இருமுறாங்க!"

தியாகேசன் டீனைப் பார்த்தார். "இந்தம்மாவும் உங்க டீமா? வசனம் பிரமாதம்."

மாட்டிக்கொண்டு மூச்சை ஆழ இழுத்தார்.

"என்ன வாசனை! இது என்கிட்டயே இருக்கட்டும். நாளையிலேருந்து எல்லா மாவட்டத்துக்கும் ஒத்திகை பார்க்கப் போறேன். அங்கயும் ஆளுக்கொரு படம் எடுத்துக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். இருமலில் அது சரியாகக் கேட்கவில்லை.