தசமப் புள்ளியும் சித்தப்பாவின் வேலையும்

கணக்காய்வாளர் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அங்கே எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிடுவார்கள். மேசைகள் சுத்தமாகும், குரல்கள் தாழும், கேட்காமலே கோப்பி வரும். இதெல்லாம் என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. (வேலையில சேந்து ரெண்டாவது வருசம். அப்ப தலைக்கனம் வராட்டி வேற எப்ப வரும்?)

ஈப்போவில் ஒரு யூனிட் டிரஸ்ட் நிறுவனத்துக்கு எங்களை அனுப்பியிருந்தார்கள். பலருடைய சேமிப்பைத் திரட்டிப் பங்குகளில் போடும் நிறுவனம் அது. ஒரு யூனிட்டின் விலையை அன்றாடம் கணக்கிட்டு வெளியிடுவார்கள். அந்த விலை தப்பாகப் போய்விடாமல் இருக்க உள்ளே என்னென்ன கட்டுப்பாடுகள் இருக்கின்றன, அவை நிஜமாகவே வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை.

விலையைக் கணினியில் ஏற்றுபவர் கமலா அக்கா. கோப்பெங்கிலிருந்து வந்துபோகிறவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவர் ஏற்றும் விலை முந்தைய நாள் விலையிலிருந்து ரொம்ப விலகினால் கணினி தடுத்துவிடும். மேலாளர் லியோங் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே போகும். ஒழுங்கான ஏற்பாடு. பழகிப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு சோதனைக் கணினியும் இருந்தது. அதில் செய்து காட்டுகிறேன் என்றார் அக்கா.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. சோதனைக் கணினி தடுப்பது நிஜக் கணினி தடுப்பதற்கு எப்படிச் சான்றாகும் என்று ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினேன். (பயிற்சி வகுப்புல கேட்டது. பாதிதான் கேட்டேன், மீதிக்குத் தூங்கிட்டேன்.)

"நேரடியா போட்டா வம்பு வந்துரும்மா," என்றார் அக்கா.

"அதான் தடுத்துருமேக்கா. தடுக்குதான்னுதானே பாக்கணும்."

அவர் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி, விலையைப் பத்து மடங்காக்கி ஏற்றினார். திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. கணினி தடுத்துவிட்டது. அதைப் படம் பிடித்துக்கொண்டு நான் எழுந்து போயிருக்க வேண்டும். அக்கா அழிக்கப் போனார். கொஞ்சம் இருங்கள், மேலாளருக்கு அனுமதிக் கோரிக்கை போகிறதா என்றும் பார்த்துவிடலாம் என்றேன்.

போனது. லியோங் அப்போது வெளியே ஒரு கடையில், முளைப்பயறோடு தரும் தவுகே கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கணக்காய்வுக் குழு இன்று சோதனை செய்யும் என்று காலையில் நானே அவரிடம் சொல்லியிருந்தேன். கைப்பேசியில் கோரிக்கை வந்ததும், நான் எதிர்பார்ப்பது அனுமதியைத்தான் என்று நினைத்து, எண்ணைப் பார்க்காமலே அழுத்திவிட்டார். விலை நிறுவனத்தின் இணையப்பக்கத்துக்கும் அங்கிருந்து வாடிக்கையாளர்களின் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்தது. அதைத் திரும்பப் பெறக் கோலாலம்பூர்த் தலைமையகம்தான் கைவைக்க வேண்டும். அங்கேயும் சாப்பாட்டு நேரம்.

கமலா அக்கா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சுங்காயிலிருந்து சித்தப்பா அழைத்தார். அவர் அங்கே செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் வாசல் காக்கும் ஜாகா. அவருடைய சேமிப்பு இந்த நிறுவனத்தில்தான் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பாப்பா, நா வேலய விட்டுட்டேன்லா," என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "நம்ம யூனிட் டிரஸ்ட் பத்து மடங்கு ஏறிருக்கு. மேனேஜர் ரூமுக்கே போயி, மனசுல இருந்தத எல்லாம் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா சித்தப்பா?"

"சேந்த நாள்லேருந்து உள்ளத."

விலை தப்பு, இன்னும் கொஞ்ச நேரத்தில் பழையபடி இறங்கிவிடும் என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"யாரு செஞ்ச தப்பும்மா அது?"

"நாந்தான் சித்தப்பா."

சாயங்காலம் தலைமையகத்தோடு கூட்டம். ஏற்றியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றார் கமலா அக்கா, வேறெதுவும் சேர்க்காமல். ஏற்றச் சொன்னது நான் என்றேன். பக்கத்தில் இருந்த என் முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கூட்டம் முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். மேலாளர் பார்க்காமலே அனுமதிக்கிறார் என்பது அறிக்கையில் முதல் குறையாக ஏறியது. அதைக் கண்டுபிடித்த விதத்தையும் எழுத வேண்டியிருந்ததால் யாரும் என்னைப் பாராட்டவில்லை.

மறுநாள் சித்தப்பாவின் வேலையைத் திரும்பக் கேட்க விடுப்பெடுத்துச் சுங்காய்க்குப் போனேன். சித்தப்பா சீருடையைத் துவைத்துத் தேய்த்துக் கையில் மடித்து வைத்திருந்தார். ஆலை மேனேஜர் என்சிக் ரஸாலி எங்களை உட்காரச் சொன்னார். உள்கட்டுப்பாடு, எச்சரிக்கை, அனுமதி என்று எனக்குத் தெரிந்த மலாயில் நான் திக்கித் திணறி விளக்கி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். சித்தப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

கடைசியில் மேனேஜர், நேற்றுச் சொன்னதில் தன் வழுக்கையைப் பற்றியதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். காவல் கொட்டகையில் மின்விசிறி இல்லை என்றது நியாயம்தான், போட்டுத் தருகிறேன் என்றார். வெளியே வந்தபோது லாரி ஓட்டிகள் வரிசையாக நின்று, "செலாமாட் பாகி, டத்தோ" என்று சித்தப்பாவுக்குச் சலாம் வைத்தார்கள். பெரிய மனிதர்களுக்கு அரண்மனை கொடுக்கும் அந்தப் பட்டம், கொஞ்ச நேரம் பணக்காரராக இருந்த அவருக்கு அன்றோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டிலும் புகுந்தது. விவரம் தெரியாத என் மகனுக்கு அவர் 'டத்தோ தாத்தா'.

போன வருஷம் அவன் பாலர்பள்ளியில் விழா. டத்தோ வருகிறார் என்று இவன் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறான். அதை நம்பிய ஆசிரியை முன்வரிசையில் மெத்தை நாற்காலி போட்டு, பூச்செண்டும் கொடுத்து, சித்தப்பாவை உட்காரவைத்துவிட்டார். நான் கூசிப்போய், குனிந்தபடி அருகில் சென்று, எழுந்து வாருங்கள் என்று கெஞ்சினேன்.

சித்தப்பா கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"இரு பாப்பா," என்றார். "வெலயத் திருத்துற வரைக்கும் ஒக்காந்துக்கிறேன்."